முதல்ல யாரைப் பார்க்கணும்? டாக்டர் லாரேவின் கதை

போன செமஸ்டர் லீவுல ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல சேர்ந்தேன். பேர் வேண்டாம். நோட்ஸ் எழுதி வைக்கிற ஒரு சின்ன ஆப். கோட் எழுதிக் கலக்கலாம்னு போனா, மெயின்டெய்னர் கொடுத்த முதல் வேலை வேற. திறந்து கிடக்கிற முந்நூத்துச் சொச்சம் பக் ரிப்போர்ட்டுகளைப் படிக்கணும், தரம் பிரிக்கணும், எது அவசரம் எது அப்புறம்னு லேபிள் ஒட்டணும். இந்த வேலைக்கு ட்ரியாஜ்னு பேர்.

முதல் நாள் ஜாலியா இருந்துச்சு. மூணாவது நாள் தலை சுத்திருச்சு. டார்க் மோட்ல ஒரு ஐகான் சரியா தெரியலைன்னு ஒரு ரிப்போர்ட்; அதுக்கு நாப்பது பேர் லைக். எல்லாம் பெரிய எழுத்துல கத்தி எழுதின ஒரு ரிப்போர்ட். பெரிய கம்பெனில வேலை பார்க்கிறவர் பேரோட வந்த ஒண்ணு. ரெண்டே வரியில, உடைஞ்ச இங்கிலீஷ்ல, யாரோ ஒருத்தர் எழுதின இன்னொண்ணு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சத்தமா கேட்டவங்களையும் பெரிய ஆளுங்களையும் முதல்ல கவனிச்சேன். மத்ததைத் தள்ளி வச்சேன். அதுல ஒரு பெரிய தப்பு நடந்துச்சு. அதைக் கடைசில சொல்றேன்.

அந்தத் தப்புக்கு அப்புறம்தான் இந்த ட்ரியாஜ் வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினேன். பிரெஞ்சுல பிரித்தெடுப்பதுன்னு அர்த்தம். ஆரம்பத்துல ஆட்டு ரோமத்தையும் காப்பிக்கொட்டையையும் தரம் பிரிக்கிறதுக்குச் சொன்ன வார்த்தை. பிறகு போர்க்களத்துல காயம்பட்டவங்களைப் பிரிக்கிறதுக்கு வந்துச்சு. அங்கிருந்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்டுக்கு. அங்கிருந்து நம்ம இஷ்யூ ட்ராக்கருக்கு. இந்தப் பயணத்தைப் பின்னாடியே பிடிச்சுப் போனா, எல்லாரும் கைகாட்டுற ஒரு மனுஷன் நிக்கிறார். நெப்போலியனோட சர்ஜன், டொமினிக் ழான் லாரே. அவர் இந்த வார்த்தையைத் தன் முறைக்குப் பேரா வைக்கலை. ஆனா அந்த வேலையை நேர்மையா எப்படிச் செய்யணும்னு வாழ்ந்து காட்டினவர் அவர்தான்.

மலைக்கிராமத்துப் பையன்

1766 ஜூலை 8. பிரான்ஸின் தெற்கு எல்லையில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கிற போதியான் என்ற சின்னக் கிராமத்தில் லாரே பிறந்தார். அப்பா செருப்பு தைக்கும் தொழிலாளி. பதின்மூன்று வயதிலேயே பையன் அநாதையானான். துலூஸ் நகரத்தில் தலைமை சர்ஜனாக இருந்த சித்தப்பா அலெக்ஸிஸ்தான் அவனை எடுத்து வளர்த்தார். ஆறு வருஷம் அவரிடமே தொழில் கற்றுக்கொண்டான்.

பிறகு பாரிஸ் போனார். ஒத்தெல் தியூ மருத்துவமனையில் டெசோ என்ற பெரிய ஆசிரியரிடம் பாடம். நடுவில் கடற்படையில் சேர்ந்து, போர்க்கப்பல் ஒன்றில் நியூஃபவுண்ட்லாந்து கடல் வரை போய்வந்தார். கடல் பயணம் அவருக்கு ஒத்துக்கவே இல்லை. குமட்டலும் வாந்தியுமாக அவதிப்பட்டார். கடற்படை நமக்கு ஆகாதுன்னு கரைக்குத் திரும்பிட்டார். அவர் பாரிஸில் இருந்த 1789-இல்தான் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தெருச் சண்டையில் காயம்பட்டவர்களுக்கு அவரும் சிகிச்சை செய்தார்.

1792-இல் ரைன் நதிப் படையில் சர்ஜனாகச் சேர்ந்தார். வயது கிட்டத்தட்ட 26. நம்ம கணக்குல பி.இ. முடிச்சு நாலஞ்சு வருஷம் ஆன ஆள்.

பறக்கும் ஆம்புலன்ஸ்

அங்கே போனதும் அவர் கண்ட காட்சி அவரை உலுக்கியது. அன்றைய விதி என்னன்னா, மருத்துவ வண்டிகள் படைக்கு ஒரு லீக் தூரம், அதாவது கிட்டத்தட்ட நாலைந்து கிலோமீட்டர் பின்னாலேயே நிற்க வேண்டும். சண்டை முழுசா ஓய்ந்த பிறகுதான் முன்னேறி வரலாம். கனமான வண்டிகள், மோசமான பாதைகள். உதவி வந்து சேர ஒரு முழு நாளுக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் ரத்தம் போயே பலர் செத்துவிடுவார்கள். தோற்றுப் பின்வாங்கினால் இன்னும் மோசம். காயம்பட்டவர்கள் அப்படியே எதிரி கையில் விடப்படுவார்கள்.

இதில் இன்னொரு அநியாயமும் இருந்தது. அதிகாரிகளுக்கு உதவி ஏதோ ஒரு வழியில் சீக்கிரம் கிடைத்துவிடும். சாதாரணச் சிப்பாய்க்குக் கூட இருக்கிற நண்பன் தூக்கிவந்தால் உண்டு, இல்லைன்னா இல்லை.

லாரே கண்ணில் பட்டது குதிரைப் பீரங்கிப்படை. குதிரைகள் பூட்டிய லேசான பீரங்கிகள் களம் முழுக்க வேகமாக ஓடி, இடம் மாறி மாறிச் சுடும். அதைப் பார்த்தவருக்கு ஒரு எளிய கேள்வி வந்தது. பீரங்கி இவ்வளவு வேகமாப் போகுதுன்னா மருத்துவன் ஏன் போகக்கூடாது?

முதலில் குதிரை முதுகில் மருந்துக் கூடைகளைக் கட்டிப் பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை. பிறகு வண்டியையே புதிதாக வடிவமைத்தார். இரண்டு சக்கரம், ஸ்ப்ரிங் வைத்த லேசான பெட்டி, இரண்டு குதிரை, உள்ளே இருவர் படுக்கலாம். கரடுமுரடான நிலத்துக்கு நாலு சக்கரத்தில் பெரிய வண்டி. அதில் நாலு பேர் படுக்கலாம். இதற்குப் பறக்கும் ஆம்புலன்ஸ் என்று பேர் வந்தது. 1797-இல் இத்தாலியப் படையில் இதை ஒரு முழு அமைப்பாகவே வளர்த்தார். மொத்தம் 340 பேர், மூன்று பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் 12 வண்டி. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே வண்டி உள்ளே போகும், ஆளைத் தூக்கும், பின்னால் இருக்கிற சர்ஜனிடம் கொண்டுவரும்.

இன்ஜினியரிங் கண்ணோட இதைப் பாருங்க. அவர் புதுசா ஒரு மருந்தும் கண்டுபிடிக்கலை. காயம் பட்ட நேரத்துக்கும் டாக்டர் பார்க்கிற நேரத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளியைக் குறைச்சார். அவ்வளவுதான். பக் ட்ராக்கர்லயும் முதல் பிரச்சினை இதுதான். ரிப்போர்ட் வந்து மூணு மாசமா யாரும் திறந்தே பார்க்கலைன்னா, அதுல என்ன லேபிள் ஒட்டினாலும் புண்ணியமில்லை.

வரிசையில் யார் முதலில்?

வண்டி வந்தாச்சு, ஆளைத் தூக்கிட்டு வந்தாச்சு. இப்ப ஒரு புதுச் சிக்கல். ஒரே நேரத்துல நூறு பேர் வந்து கிடக்காங்க. டாக்டர் நாலே பேர். யாரை முதலில் பார்ப்பது?

லாரே வைத்த விதி இதுதான். காயத்தின் கடுமைதான் வரிசையைத் தீர்மானிக்கும். ஆபத்தான காயம் பட்டவருக்கு முதலிடம். லேசான காயக்காரர் காத்திருக்க வேண்டும், அல்லது தானாக நடந்து பின்னால் இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பதவி கணக்கில் இல்லை. நாடும் கணக்கில் இல்லை. கால் போன எதிரிச் சிப்பாய், கை சிராய்த்த பிரெஞ்சு அதிகாரிக்கு முன்னால் மேஜையில் ஏறுவான்.

இன்னைக்கு நமக்கு இது சாதாரணமாத் தெரியுது. தோள்பட்டையில் எத்தனை நட்சத்திரம் என்பதை வைத்துச் சோறும் சம்பளமும் சாவும் தீர்மானிக்கப்பட்ட ஒரு ராணுவத்தில், இதைச் சொல்லிட்டு உயிரோட பதவியில் இருக்கிறது சாதாரண விஷயமில்லை.

டெபியன் லினக்ஸ்ல பக் ரிப்போர்ட்டுக்கு ஏழு படி வச்சிருக்காங்க. கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். மேலே இருக்கிற மூணுல ஏதாவது ஒண்ணு இருந்தா அந்த பேக்கேஜ் வெளியீட்டையே தடுக்கும். அந்தப் படிகளோட விளக்கத்தைப் படிச்சுப் பாருங்க. டேட்டா அழியுதா, சிஸ்டம் முழுசும் உடையுதா, பாதுகாப்பு ஓட்டை திறக்குதா, பேக்கேஜே பயன்படாமப் போகுதா, இதைத்தான் கேட்கும். ரிப்போர்ட் எழுதினது யாருன்னு ஒரு வரிகூட இருக்காது. லாரேவோட விதி அப்படியே இருக்கு.

ஆனா ஒண்ணு. கடுமை மட்டும் போதாது. லாரே இறந்து நாலு வருஷம் கழித்து, 1846-இல், ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை சர்ஜன் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார். உடனே செய்தால் பிழைக்கக்கூடியவரை முதலில் பார்க்க வேண்டும். லேசான காயத்தையும், என்ன செய்தாலும் பிழைக்காத காயத்தையும் தள்ளி வைக்க வேண்டும் என்றார். கேட்கவே கஷ்டமான விதி. ஆனால் கைகள் குறைவாக இருக்கும்போது தவிர்க்க முடியாத விதி. பக்ஸில்லா மாதிரி ட்ராக்கர்கள்ல சிவியாரிட்டின்னு ஒரு கட்டம், ப்ரையாரிட்டின்னு தனியா இன்னொரு கட்டம் இருக்கிறதுக்கு இந்த வித்தியாசம்தான் காரணம். முதல் கட்டம் காயம் எவ்வளவு ஆழம்னு சொல்லும். ரெண்டாவது கட்டம் இருக்கிற ஆளை வச்சு எதை இப்போ தொடப்போறோம்னு சொல்லும். பத்து பேர்கூட பயன்படுத்தாத பழைய வெர்ஷன்ல வர்ற க்ராஷ் கடுமையானதுதான். ஆனா வரிசையில் பின்னாடி போகலாம். முதல் பக்கத்துல ப்ராஜெக்ட் பேரே தப்பா அச்சாகியிருந்தா கடுமையில்லை. ஆனா இன்னைக்கே மாத்திடலாம்.

சிரிப்புக்கு நடுவே சூப்

1798-இல் நெப்போலியனோடு எகிப்து போனார் லாரே. அங்கே குதிரை வண்டி மணலில் ஓடாது. உடனே ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் பெட்டிகளைக் கட்டி, அதில் காயம்பட்டவர்களைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். போன இடத்துக்கு ஏற்றபடி முறையை மாற்றினார்; விதியை மாற்றவில்லை.

1809-இல் வியன்னாவுக்குப் பக்கத்தில் எஸ்லிங் போர். காயம்பட்ட ஆயிரக்கணக்கானவர்களோடு டான்யூப் நதியின் லோபாவ் தீவில் லாரே மாட்டிக்கொண்டார். பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உணவு இல்லை. லாரே குதிரைகளை அடிக்கச் சொன்னார். பாத்திரம் இல்லை, சிப்பாய்களின் மார்புக் கவசத்தைக் கவிழ்த்துப் போட்டு அதில் சூப் வைத்தார்கள். உப்பு இல்லை, வெடிமருந்துத் தூளைத் தூவினார்கள். தங்கள் குதிரையும் சூப்பில் போனதென்று அதிகாரிகள் நெப்போலியனிடம் புகார் கொண்டுபோனார்கள். நெப்போலியன் லாரே பக்கம் நின்றார்.

அதே போரில்தான் நெப்போலியனின் உயிர் நண்பன் மார்ஷல் லான் கால்களில் அடிபட்டு வந்தார். ஒரு காலை லாரேதான் எடுத்தார். காப்பாற்ற முடியவில்லை, சில நாளில் லான் இறந்தார். அந்த வருஷமே, வாக்ராம் போருக்குப் பிறகு, லாரேவுக்கு பேரன் பட்டம் கிடைத்தது. செருப்புத் தைத்தவர் மகன் இப்போது பிரபு.

பனியில் ரஷ்யா

1812 செப்டம்பர் 7. மாஸ்கோவுக்கு முன்னால் போரோடினோ. அந்த நூற்றாண்டின் மிகக் கொடூரமான ஒரு நாள் சண்டைகளில் ஒன்று. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அந்த 24 மணி நேரத்தில் லாரே ஏறத்தாழ 200 கை கால்களை அறுத்து எடுத்தார்.

அவர் ஏன் இவ்வளவு அவசரப்பட்டார் என்று கேட்கலாம். அன்றைக்குப் பல டாக்டர்கள் நாள்கணக்கில் காத்திருந்து, உடம்பு தேறிய பிறகு அறுக்கலாம் என்றார்கள். லாரே முதல் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்றார். நாள் தள்ளினால் காயம் அழுகும், காய்ச்சல் ஏறும், பிறகு அறுத்தாலும் ஆள் பிழைக்க மாட்டான். தன் அனுபவத்தை நாலு தொகுதிகளாக எழுதியும் வைத்தார்.

இது நமக்கும் தெரிஞ்ச விஷயம்தான். நேத்து வரைக்கும் ஓடின ஒண்ணு இன்னைக்கு ஓடலைன்னு வர்ற ரிப்போர்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீங்க. புதுசா உடைஞ்சதுன்னா காரணம் பக்கத்துலயே இருக்கும். கிட் பைசெக்ட் வச்சுப் பாதிப் பாதியா வெட்டிக்கிட்டே போனா, ஆயிரம் கமிட்டுக்குள்ள இருக்கிற குற்றவாளியைப் பத்து சோதனையில் பிடிச்சுடலாம். ஆறு மாசம் விட்டா அது மேல இன்னும் நாலு மாடி கட்டியிருப்பாங்க. அப்புறம் அறுக்கிறதே ஆபத்து.

மாஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில் பிரெஞ்சுப் படை பனியில் கரைந்தது. நவம்பரில் பெரெசினா நதி. தற்காலிகப் பாலங்கள், பின்னால் ரஷ்யப் பீரங்கி, முன்னால் பாலத்தில் ஏற முட்டி மோதும் கூட்டம். மிதிபட்டுச் செத்தவர்களும் நீரில் விழுந்தவர்களும் ஏராளம். அறுவைக் கருவிகளுக்காகத் திரும்பப் போன லாரே அந்தக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். யாரோ அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர் பேர் வாய் வாயாகப் போனது. அவரவர் உயிருக்கு அடித்துக்கொண்டிருந்த சிப்பாய்கள், அவரைத் தலைக்கு மேலே தூக்கி, கை மாற்றிக் கை மாற்றி அக்கரை சேர்த்தார்கள்.

இருபது வருஷமா தங்களைப் பதவி பார்க்காம வரிசையில் நிறுத்தினவரை, அன்னைக்கு அவங்க வரிசைக்கு முன்னாடி அனுப்பினாங்க.

டிரெஸ்டன்: பொய்க் காயமா?

எனக்கு லாரேவை ரொம்பப் பிடிச்ச இடம் இது. இதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

1813. ரஷ்யாவில் அழிந்த படைக்குப் பதில் நெப்போலியன் அவசரமாகப் புதுப்படை திரட்டினார். பெரும்பாலும் மீசை முளைக்காத பையன்கள். சரியான பயிற்சி இல்லை. மே மாதம் லூட்சனிலும் பவுட்சனிலும் போர். இரண்டிலும் வெற்றி. ஆனால் மருத்துவமனையில் ஒரு விசித்திரம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் கையிலும் விரலிலும் காயத்தோடு வந்திருந்தார்கள்.

மேலதிகாரிகள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். இவனுங்க போருக்குப் பயந்து, வீட்டுக்குப் போக, தாங்களே விரலைச் சுட்டுக்கொண்டார்கள் என்றார்கள். நெப்போலியனும் நம்பினார். ராணுவத்தில் அதற்குத் தண்டனை கடுமையானது. மற்றவர்களுக்குப் பாடமாகச் சிலரைச் சுட்டுக் கொல்வது வரை பேச்சு போனது.

லாரே ஒப்புக்கொள்ளவில்லை. காயத்தை வெளியில் மட்டும் பார்த்து, தானே சுட்டதா பிறர் சுட்டதா என்று சொல்லிவிட முடியாது என்றார். நெப்போலியனுக்குக் கோபம். லாரே பின்வாங்கவில்லை. முடிவில் லாரே தலைமையிலேயே சர்ஜன்கள் குழு ஒன்று டிரெஸ்டனில் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பையனாக அழைத்தார்கள். ஒவ்வொரு காயமாகப் பார்த்தார்கள். எங்கே நின்றாய், எப்படிப் பட்டது என்று கேட்டார்கள். நாள்கணக்கில் இந்த வேலை நடந்தது. பேரரசர் வேகமான பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பான பதில் சொன்னால் லாரேவின் பதவியே போகலாம்.

குழு கண்டுபிடித்தது இதுதான். சிப்பாய்கள் மூன்று வரிசையாக நெருக்கி நின்று சுடுவார்கள். பயிற்சி இல்லாத பையன்கள். பின் வரிசையில் இருப்பவனின் துப்பாக்கி முன்னால் நிற்பவனின் கையைப் பதம் பார்த்தது. மேட்டில் நின்ற எதிரியை நோக்கி ஏறும்போது உயர்த்திப் பிடித்த கைகளில் எதிரியின் குண்டும் பட்டது. வேண்டுமென்று செய்ததற்கு ஆதாரம் இல்லை. ஒருவன் மேலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

லாரே அறிக்கையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். நெப்போலியன் படித்தார். கோபப்படவில்லை. உண்மையைச் சொல்லத் துணிந்த ஆளைப் பாராட்டினார். வைரம் பதித்த தன் உருவப்படத்தையும், வருஷத்துக்கு 3,000 ஃபிராங்க் பென்ஷனையும் கொடுத்து அனுப்பினார். பையன்கள் பிழைத்தார்கள்.

கவனிச்சீங்களா? தப்பு பையன்கள்கிட்ட இல்லை. மூணு வரிசை வச்ச அமைப்புலயும் கொடுக்காத பயிற்சியிலயும் இருந்துச்சு. யூசர் தப்புன்னு இரண்டாயிரம் ரிப்போர்ட்டை ஒரே அடியில் க்ளோஸ் பண்ணியிருந்தா அந்தப் பிழை அப்படியே தொடர்ந்திருக்கும். கூடவே பிணமும் விழுந்திருக்கும்.

வாட்டர்லூ

1815 ஜூன் 18. நெப்போலியனின் கடைசிப் போர். குண்டு மழைக்கு நடுவே காயம்பட்டவர்களைத் தூக்கும் வண்டிகளைப் பார்த்த வெலிங்டன், அது லாரே என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் சுட வேண்டாம் என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினார் என்றொரு கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, அவர் எதிரிப் படையிலும் மதிக்கப்பட்டார் என்பது நிஜம்.

தோல்விக்குப் பிறகு அவரை ப்ரஷ்யக் குதிரைவீரர்கள் பிடித்தார்கள். சுட்டுவிட முடிவு செய்தார்கள். அந்த நேரத்தில் ஒரு ப்ரஷ்ய சர்ஜனுக்கு அவர் முகம் பிடிபட்டது. பெர்லினில் லாரேவின் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவர் அவர். உடனே தளபதி ப்ளூஹரிடம் கொண்டுபோனார்கள். ப்ளூஹரின் மகன் முன்பு காயத்தோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியபோது அவனைக் காப்பாற்றியது லாரே. தளபதி அவரை விடுவித்து, துணைக்கு ஆளும் கொடுத்து அனுப்பினார். கொடி பார்க்காமல் போட்ட கட்டு, திரும்பி வந்து அவர் உயிரைக் காத்தது.

பேரரசு போன பிறகு பென்ஷனும் பதவிகளும் பறிபோயின. சில வருஷத்தில் சில திரும்பக் கிடைத்தன. செயின்ட் ஹெலினா தீவில் இறந்த நெப்போலியன், தன் உயிலில் லாரேவுக்கு 100,000 ஃபிராங்க் ஒதுக்கி, தான் பார்த்ததிலேயே மிக நல்ல மனிதர் அவர் என்றும் எழுதி வைத்திருந்தார். 1840-இல் நெப்போலியனின் உடல் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டபோது, கடும் குளிரில் அந்த ஊர்வலத்தில் 74 வயது லாரேவும் நடந்தார்.

1842-இல், வயதைப் பொருட்படுத்தாமல், அல்ஜீரியாவில் இருந்த ராணுவ மருத்துவமனைகளைப் பார்வையிடப் போனார். சர்ஜனாகிவிட்ட மகன் இப்போலித்தும் கூடப் போனார். திரும்பும் வழியில் லியோன் நகரில் ஜூலை 25 அன்று லாரே இறந்தார். ஓவியரான அவர் மனைவி மூன்று நாளைக்கு முன்புதான் போய்ச் சேர்ந்திருந்தார். பாரிஸ் வெற்றி வளைவில் தளபதிகள் பேருக்கு நடுவே இந்த டாக்டர் பேரும் செதுக்கப்பட்டிருக்கு.

என் தப்பு

இப்போ என் கதைக்கு வர்றேன். நான் சொன்ன அந்த ரெண்டு வரி ரிப்போர்ட், வங்கதேசத்துல இருந்து ஒருத்தர் எழுதினது. ராத்திரி எழுதின நோட் காலையில இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தார். வெர்ஷன் நம்பர் இல்லை, ஸ்க்ரீன்ஷாட் இல்லை. நான் ஆப்பைத் திறந்து இங்கிலீஷ்ல டெஸ்ட்னு ஒரு நோட் எழுதினேன். சேவ் ஆச்சு. மூடித் திறந்தேன். இருந்துச்சு. சேவ் பண்ணாம மூடியிருப்பாருன்னு நினைச்சு, இன்வேலிட் லேபிள் ஒட்டி க்ளோஸ் பண்ணிட்டேன். மொத்தம் மூணு நிமிஷம். அப்புறம் அந்த டார்க் மோட் ஐகானுக்குப் போய் ரெண்டு நாள் செலவு பண்ணேன்.

மூணு வாரத்துல அதே மாதிரி இன்னும் ரெண்டு ரிப்போர்ட் வந்துச்சு. ஒருத்தர் மூணு மாச ஃபீல்ட் நோட்ஸ்ல ஒரு பகுதியை இழந்திருந்தார். மெயின்டெய்னர் உட்கார்ந்து தோண்டினப்போ தெரிஞ்சது. நோட்டோட முதல் வரியைத்தான் ஆப் ஃபைல் பேரா வைக்கும். லினக்ஸ்ல ஃபைல் பேர் அதிகபட்சம் 255 பைட். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். வங்க எழுத்துக்கு யுடிஎஃப்-8ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். முதல் வரி எண்பத்தஞ்சு குறியைத் தாண்டினா சிஸ்டம் எரர் கொடுக்கும். கோட் அந்த எரரைக் கண்டுக்காம சேவ் ஆனதாவே காட்டும்.

தமிழுக்கும் அதே மூணு பைட்தாங்க. தமிழ்ல ஒரே ஒரு நீளமான வரி அடிச்சுப் பார்த்திருந்தா அன்னைக்கே என் கையில் மாட்டியிருக்கும். எனக்குத் தோணலை. எனக்கு எப்படி ஓடுதுன்னு பார்த்தேனே தவிர, அவருக்கு எப்படி உடைஞ்சதுன்னு பார்க்கலை.

அந்த ரிப்போர்ட்டைத் திரும்பத் திறந்து, மன்னிப்புக் கேட்டு, லேபிளை மாத்தினேன். ஃபிக்ஸ் போச்சு. இழந்த நோட்ஸ் திரும்ப வரலை. முதல்ல ரிப்போர்ட் பண்ணினவர் பதிலே போடலை. போட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இப்பவும் அதே ப்ராஜெக்ட்ல ட்ரியாஜ் பண்றேன். வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம். லேபிள் ஒட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கிறேன். இதுல யாருக்கு என்ன போகுது? அவர் செஞ்சதை அப்படியே நான் செஞ்சு பார்த்தேனா? தகவல் பத்தலைன்னா, க்ளோஸ் பண்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டேனா? டெபியன்ல இதுக்குன்னே மோர்இன்ஃபோன்னும் அன்ரீப்ரொட்யூசிபிள்னும் தனித்தனி டேக் இருக்கு. தகவல் வேணும், எனக்கு அது நடக்கலை, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். நீ பொய் சொல்றேன்னு அர்த்தமில்லை.

கோட் எழுதத் தெரியலையே, ஓப்பன் சோர்ஸ்ல எப்படி நுழையறதுன்னு ஜூனியர்ஸ் நிறைய பேர் கேட்கிறீங்க. இங்கிருந்து ஆரம்பிங்க. ஒரு ப்ராஜெக்டைப் பிடிங்க, ஆள் இல்லாம கிடக்கிற பழைய ரிப்போர்ட் ஒண்ணைத் திறங்க, அதை உங்க மெஷின்ல நடத்திப் பாருங்க, கண்டதை எழுதுங்க. யாருமே பதில் போடாத, ரெண்டு வரி ரிப்போர்ட்டா பார்த்து எடுங்க.